பேரைப் பதிஞ்சுட்டா நெல்லு போயிடுமா?

விதைப் பகிர்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும் இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. "ஏங்க, நீங்க குடுத்ததும் கருப்பு கவுனி, அவரு குடுத்ததும் கருப்பு கவுனி. ரெண்டும் ஒரே மாதிரி வரலையே, எது நெசம்?" என்பது ஒன்று. "நம்ம ஊரு நெல்லை யாராவது தில்லியில போய்ப் பதிஞ்சுட்டா, அப்புறம் நாம விதைக்க முடியாதாமே?" என்பது இன்னொன்று.

முதல் கேள்வி பெயரைப் பற்றியது. இரண்டாவது உரிமையைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியாகப் பேசிப் பேசித்தான் குழப்பம் பெருகிவிட்டது. பெயரும் அடையாளமும் தெளிவாக இருக்கிற விதைக்குத்தான் உரிமை பேச முடியும். ஆகவே பெயரிலிருந்து தொடங்குவோம்.

ஒரே பேர், பல நெல்

நம் முன்னோர் நெல்லுக்குப் பேர் வைத்த விதம் தனி அழகு. காட்டுயானம் என்றால் யானை புகுந்தாலும் தெரியாத உயரம். களர்பாலை என்றால் களர் நிலத்துக்கு ஆகும். அறுபதாம் குறுவை என்றால் அறுபது நாள் கணக்கு. தூயமல்லி என்றால் மல்லிகை மாதிரி அரிசி. பட்டம், நிறம், உயரம், நிலம், சுவை என்று எதைப் பார்த்தார்களோ அதையே பேராக வைத்தார்கள்.

அந்தப் பேர் அந்த ஊருக்குப் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் விதை பெரும்பாலும் பக்கத்து ஊர், சம்பந்தி ஊர் என்ற எல்லைக்குள்தான் சுற்றியது. "சம்பா" என்று முடிகிற நெல் நம்மிடம் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். சம்பா என்பது முதலில் ஒரு பட்டம். அந்தப் பட்டத்தில் விளைகிற நெல்லெல்லாம் சம்பா. அதை வைத்து இரண்டு நெல் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியாது. "கார்", "குறுவை" என்று முடிகிற பேர்களுக்கும் இதே கதைதான்.

கிச்சிலிச் சம்பாவை எடுத்துக்கொள்வோம். இயற்கை அங்காடிகளில் பாரம்பரிய அரிசி என்று வாங்கிச் சாப்பிடுகிறோம். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்ற ரகமும் கிச்சிலிச் சம்பா என்ற பேரிலேயே வழங்கியது. கோனாமணி என்ற உள்ளூர் நெல்லில் தானாகத் தோன்றிய மாற்றத்திலிருந்து தேர்வு செய்யப்பட்டது அது. ஆக, இன்று ஒருவர் கையில் இருக்கும் கிச்சிலி, பழைய உள்ளூர் நெல்லின் வாரிசா, ஜி.இ.பி. 24-இன் வாரிசா? பேரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே நல்ல நெல்தான். ஆனால் பதிவு, உரிமை என்று பேச்சு வரும்போது இது பெரிய வித்தியாசம்.

பொன்னி கதை இன்னும் சுவையானது. காவிரியின் பேரைத் தாங்கிய நெல் என்பதால் சோழர் காலத்து நெல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மலேசியாவில் உருவாக்கப்பட்ட மாசூரி ரகம். இங்கே வந்து பொன்னி ஆனது. 1986-இல் அதிலிருந்து தேர்வு செய்து மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி வந்தது. ஆந்திராவின் பாபட்லா நிலையம் தந்த பி.பி.டி. 5204 நம் கடைகளில் "ஆந்திரா பொன்னி" ஆகிவிட்டது. அதன் பெற்றோரில் ஜி.இ.பி. 24-ம் உண்டு, மாசூரியும் உண்டு. அதாவது கிச்சிலியும் பொன்னியும் அதற்கு உறவு!

இந்தப் பொன்னி என்ற சொல்லை மலேசியாவில் ஒரு அரிசி நிறுவனம் தன் வணிக முத்திரையில் பதிவு செய்துகொண்டது. இந்திய அரசின் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபேடா அங்கே போய் வழக்காட வேண்டியதாயிற்று. பொன்னி என்பது ஒரு நெல் வகையின் பொதுப்பேர், தனி ஆள் சொத்து ஆகாது என்ற வாதத்தைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஏற்றது. ஒரு பேருக்காக இன்னொரு நாட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. பேர்தானே என்று விட்டுவிட முடியாது.

பேர் எங்கே கலைகிறது?

மறைந்த நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் கொண்டுவந்த முறை உங்களுக்குத் தெரியும். 2 கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காணாமல் போகவிருந்த எத்தனையோ ரகங்கள் அந்த 2 கிலோ பைகளில்தான் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தன. அப்படி விதை நூறு கை மாறும்போது, கூடவே போக வேண்டிய விவரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பையின் மேல் பேர் மட்டும் மிஞ்சுகிறது.

"பக்கத்து வயல் மகரந்தம் வந்து கலந்துடுச்சு" என்று பலர் சொல்கிறார்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அயல் மகரந்தச் சேர்க்கை பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவுதான். பெரும்பாலான கலப்பு நம் கையாலேயே நடக்கிறது. ஒரே களத்தில் இரண்டு ரகம் அடிப்பது, உதறாத சாக்கு, முந்தின வயலின் நெல்லோடு வரும் அறுவடை இயந்திரம், போன போகத்தில் உதிர்ந்து முளைத்த நெல், இவைதான் முக்கியக் காரணங்கள்.

வயது விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய சம்பா ரகங்களில் பல, பகல் நேரத்தின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறவை. பகல் குறையும் காலம் வந்தால்தான் கதிர் விடும். ஆடிக் கடைசியில் விட்ட நாற்றும், புரட்டாசியில் விட்ட நாற்றும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூப்பதைப் பார்க்கலாம். அப்போது ஒருவர் "இது 160 நாள்" என்பார், இன்னொருவர் "இல்லை 130 நாள்" என்பார். விதை ஒன்றே. விதைத்த தேதி வேறு. இதை அறியாமல் "எனக்கு வந்தது வேற நெல்லு" என்று புதுப் பேர் வைத்துவிட்டால், ஒரு நெல்லுக்கு இரண்டு பேர் ஆகிவிடும்.

அன்னாசிக் குடும்பத்திலும் இதே கதை

இந்தக் குழப்பம் நெல்லுக்கு மட்டும் உரியதல்ல. நர்சரிகளில் தொட்டியில் வைத்து விற்கும் புரோமிலியாட் என்ற அழகுச் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் சாப்பிடும் அன்னாசியின் குடும்பம் அது. குஸ்மானியா, நியோரெகேலியா, வ்ரீசியா என்று பல பிரிவுகள். உலகெங்கும் ஆர்வலர்கள் இவற்றை ஒன்றோடு ஒன்று கலந்து ஆயிரக்கணக்கில் ஒட்டு ரகங்களை உருவாக்கிவிட்டார்கள்.

அங்கே குழப்பம் எப்படி வருகிறது? ஏற்கெனவே ஒட்டான இரண்டு செடிகளைக் கலந்தால் ஒரு காயிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான நாற்றுகளும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கக்கன்று எடுத்துப் பெருக்கி, அதற்குத்தான் பேர் வைக்க வேண்டும். ஆனால் சிலர் அந்தக் காயில் வந்த அத்தனை நாற்றுக்கும் ஒரே பேரை எழுதி விற்றுவிடுகிறார்கள். வேறொருவர் அதே தாய் தந்தையைத் தாமும் கலந்து, வந்த செடிக்கு அதே பேரை ஒட்டிவிடுகிறார். நியோரெகேலியா இலையின் நிறமோ வெயிலுக்கும் உரத்துக்கும் ஏற்ப மாறும். நிழலில் பச்சையாக இருந்த செடி வெயிலில் சிவக்கும். ஒரே செடி இரண்டு பேரில் சந்தைக்கு வந்துவிடும்.

இதைச் சரிசெய்ய, சாகுபடிச் செடிகளுக்குப் பேர் வைப்பதற்கென்றே ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு 1953 முதல் இருக்கிறது. புரோமிலியாட் பேர்களைப் பதியும் பொறுப்பு பன்னாட்டு புரோமிலியாட் சங்கத்திடம் இருக்கிறது. உருவாக்கியவர் யார், தாய் எது, தந்தை எது, செடி எப்படி இருக்கும் என்ற விவரத்தையும் படத்தையும் கொடுத்துப் பேரைப் பதியலாம். ஒரு பேர் ஒரு ரகத்துக்கே என்பதுதான் அடிப்படை. இந்தப் பதிவால் அந்தச் செடி யாருக்கும் சொந்தமாகிவிடாது. பேருக்கு ஒரு நாட்குறிப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான். யாரும் அந்தச் செடியை வளர்க்கலாம்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பேரைப் பதிவது வேறு வேலை, உரிமையைப் பதிவது வேறு வேலை. நம் நாட்டில் "பதிவு" என்ற ஒரே சொல்லால் பல வேலைகளைச் சொல்லிக் குழம்புகிறோம்.

எந்தப் பதிவு எதற்கு?

விதைச் சட்டம், 1966: அரசு ஒரு ரகத்தை அறிவிக்கை செய்வது. சான்று விதை உற்பத்திக்கும் அரசுத் திட்டங்களுக்கும் இது தேவை. யாருக்கும் தனியுரிமை தருவதில்லை. விளைவித்தவர் தன் இடத்திலேயே, விதைக்கப்போகும் இன்னொருவருக்கு நேரடியாகத் தரும் விதைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 24-ஆவது பிரிவு சொல்கிறது.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001: தில்லியில் இருக்கும் ஆணையத்தில் ரகத்தைப் பதிவது. இதுதான் உரிமை தரும் பதிவு. நெல் போன்ற பயிர்களுக்கு அதிகபட்சம் 15 ஆண்டு, மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு.

வணிக முத்திரை: பையின் மேல் இருக்கும் நிறுவனப் பேருக்கும் சின்னத்துக்கும் உரியது. உள்ளே இருக்கும் நெல்லுக்கு அல்ல.

புவிசார் குறியீடு: ஒரு வட்டாரத்தின் விளைபொருளுக்கு, அந்த வட்டாரத்து உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவாகக் கிடைப்பது. பாலக்காடன் மட்டை அரிசிக்கு இது இருக்கிறது.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு: 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு எழுத வேண்டியது. "இந்த நெல் எங்கள் ஊரில் இருந்தது" என்பதற்கு ஆவணம்.

இந்த ஐந்தில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

2001 சட்டம் பேரைப் பற்றி என்ன சொல்கிறது?

பதிவுக்கு வரும் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே ஒரு தனிப்பேர் வேண்டும். வெறும் எண்ணாக மட்டும் இருக்கக் கூடாது. ரகத்தின் குணத்தையோ மதிப்பையோ உருவாக்கியவரையோ பற்றித் தவறான எண்ணம் தரக் கூடாது. அதே பயிரில் ஏற்கெனவே பதிந்த பேரிலிருந்து வேறுபட வேண்டும். மத உணர்வைப் புண்படுத்தக் கூடாது. ஊர்ப்பேர் மட்டுமோ, ஊர்ப்பேர் சேர்ந்தோ இருந்தால் பதிவாளர் மறுக்கலாம். நேர்மையான பயன்பாடு என்று அவர் கருதினால் அனுமதிக்கலாம். பதிந்த ரகப் பேரை வணிக முத்திரையாகப் பதியவும் முடியாது. பொன்னிக்கு வெளிநாட்டில் நேர்ந்தது இங்கே நேராமல் இருக்க இது ஒரு வேலி.

பேர் மட்டும் கொடுத்தால் பதிவு கிடைக்காது. ரகம் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், வயல் முழுக்கச் சீராக இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் குணம் நிலைக்க வேண்டும். நெல்லுக்கு 62 குணங்களை வைத்துப் பார்க்கிறார்கள். காலங்காலமாக உழவர்கள் வயலில் வளர்த்து வந்த நெல்லை "உழவர் ரகம்" என்று சட்டமே தனியாக வரையறுத்திருக்கிறது. தனி உழவர், உழவர் குழு, கிராம சமுதாயம் என யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண் அலுவலர், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர் போன்றோரில் ஒருவரின் ஒப்பம் விண்ணப்பத்தில் வேண்டும்.

அப்படியானால் விதைக்க முடியாதா?

விதைக்கலாம். 39-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும், உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு தடை உண்டு. பதிவு பெற்ற ரகம் என்று தெரியும்படி பையிலடைத்து, லேபிள் ஒட்டி விற்கக் கூடாது.

சட்டத்தில் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். 2019-இல் குஜராத்தின் உருளைக்கிழங்கு உழவர்கள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது நினைவிருக்கும். அவர்களில் சிலரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுக்க உழவர் அமைப்புகள் 39-ஆவது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தபின் வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. உரிமை தெரிந்திருந்ததால்தான் எதிர்த்து நிற்க முடிந்தது.

நம் ஊர்ப் பொது நெல்லை ஒருவர் தன் பேரில் பதிய முயன்றால்? ஆணையம் விண்ணப்பத்தை இதழில் வெளியிட வேண்டும். வெளியான மூன்று மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். விதை எங்கிருந்து வந்தது, முறைப்படிதான் பெறப்பட்டதா என்றும் விண்ணப்பதாரர் உறுதிமொழி தர வேண்டும். ஆனால் எதிர்க்கப் போகிறவர் கையில் ஏதாவது எழுத்து இருக்க வேண்டுமே. "எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு" என்ற வாய்ச்சொல் அங்கே எடுபடுவது கடினம்.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற சிறு உழவர் இருந்தார். 1983-இல் தன் வயலில் பட்டேல் 3 என்ற நெல்லுக்கு நடுவே வேறுபட்டு நின்ற சில கதிர்களைப் பார்த்தார். தனியாக எடுத்து, ஆண்டுக்கணக்கில் பெருக்கினார். அந்தக் காலத்தில் புகழ்பெற்ற கைக்கடிகாரத்தின் பேரால் அது எச்.எம்.டி. நெல் ஆனது. பல மாநிலங்களுக்குப் பரவியது. பின்னால் மாநில வேளாண் பல்கலைக்கழகம் ஒன்று அதைத் தூய்மைப்படுத்தித் தன் முன்னெழுத்தைச் சேர்த்து வெளியிட்டது. நெல் நாடெங்கும் விற்றது. கோப்ரகடே 2018-இல் ஏழையாகவே இறந்தார். ஆனாலும் அது அவர் தேர்ந்தெடுத்த நெல் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எந்த வயலில், எந்த ஆண்டில், எந்த நெல்லிலிருந்து என்று சொல்லக்கூடிய வரலாறு அதற்கு இருந்தது. நம்மிடம் உள்ள எத்தனை நெல்லுக்கு அப்படிச் சொல்ல முடியும்?

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, பையில் பேரோடு நான்கு விவரம் எழுதுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், உங்களிடம் எத்தனை ஆண்டாக இருக்கிறது, எந்தப் பட்டத்தில் விளைந்தது. "கருப்பு கவுனி" என்பதைவிட "கருப்பு கவுனி, இன்ன ஊர், இன்னார் வழி" என்பது நல்ல அடையாளம். இரண்டு கவுனி இருந்தால் இரண்டையும் அப்படியே தனித்தனியாக வைத்திருங்கள். எது நிசம் என்று சண்டை போட வேண்டாம். இரண்டுமே நிசமாக இருக்கலாம்.

இரண்டு, சந்தேகம் வந்தால் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பாருங்கள். ஒரே நாளில் நாற்று விட்டு, ஒரே வயலில், குத்துக்கு ஒரு நாற்றாக, ரகத்துக்கு மூன்று நான்கு வரிசை போதும். நான் இப்படி மூன்று இடத்துக் கவுனியை நட்டுப் பார்த்தேன். இரண்டுக்குள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது பத்து நாளுக்கு மேல் பிந்திக் கதிர் விட்டது, நெல்லில் வாலும் இருந்தது. வீட்டில் அரிசியைப் பார்த்தபோது மூன்றும் கருப்புதான். கடையில் வைத்துப் பிரிக்க முடியாததை வயல் பிரித்துக் காட்டிவிட்டது.

மூன்று, எதைக் குறிப்பது? தண்டின் அடியில் இலையுறையின் நிறம், பாதிக் கதிர்கள் வெளிவந்த தேதி, பூக்கும்போது உள்ளே தெரியும் சூல்முடியின் நிறம், நெல்லில் வால் உண்டா இல்லையா, நெல் மூக்கின் நிறம், முற்றிய உமியின் நிறம், அரிசியின் நிறம், 1000 நெல்லின் எடை. இவற்றை நம்பலாம். உயரமும் தூர் எண்ணிக்கையும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப நிறையவே மாறும். அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விதைத்த தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

நான்கு, விதைக்கென்று வயலின் நடுவே ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பூக்கும்போது ஒரு முறை, அறுப்புக்கு முன் ஒரு முறை நடந்து, வேறுபட்ட செடிகளை வேரோடு எடுங்கள். அந்தப் பகுதியைக் கையால் அறுத்து, தனியாக அடித்து, புதுச் சாக்கில் வையுங்கள். எடுத்துப்போட்ட செடியில் ஏதாவது ஒன்று விசேஷமாகத் தெரிந்தால் அதைத் தனியே வளர்த்துப் பாருங்கள். கோப்ரகடே செய்தது அதைத்தான்.

ஐந்து, உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, பதிவேட்டில் உங்கள் நெல் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். தில்லிப் பதிவுக்குப் போவதாக இருந்தால் தனி ஆளாகப் போகாமல், அந்த நெல்லைக் காத்துவரும் உழவர்கள் எல்லாரும் குழுவாகவோ ஊராகவோ போங்கள். ஒரு வட்டாரமே காத்த நெல்லுக்கு ஒருவர் பேர் மட்டும் ஒட்டுவது நியாயமில்லை, பின்னால் மனக்கசப்புக்கும் இடமாகும்.

பேரைப் பதிந்தால் நெல்லு போயிடாது. விவரம் இல்லாமல் பேரை மட்டும் வைத்திருந்தால்தான் போகும். இந்தப் பட்டத்தில் நாற்று விடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் விதைப் பைகளை ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். எந்தப் பையில் பேர் மட்டும் இருக்கிறதோ, அதைக் கொடுத்தவரிடம் போய்க் கேட்டு மீதியையும் எழுதிவிடுங்கள். கொடுத்தவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.